தொலைவிலிருக்கும் மருத்துவரும் அருகிலிருக்கும் நாமும்



சென்ற ஐப்பசிப் பௌர்ணமிக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, முதியவர் ஒருவர் என்னை நிறுத்தி ஒரு வினா எழுப்பினார். "நோயாளி இந்தத் தீவில் இருக்கிறார். மருத்துவரோ கடலுக்கு அப்பால் இருக்கிறார். நாடி பார்ப்பதில்லை; நாக்கை நீட்டச் சொல்வதில்லை. கைப்பேசித் திரையில் முகம் காட்டிப் பேசுகிறார்கள். இது மருத்துவமா, வெறும் பேச்சா?" என்றார். அவர் யாரைக் கருதிக் கேட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கூட்டத்தார் காதில் விழுமே என்று அஞ்சி அப்போது விடை கூறாமல் வந்துவிட்டேன். அந்த விடை அவருக்கு மட்டுமன்று, எனக்கும் வேண்டியதாயிருந்தது. ஆதலால் எழுதுகிறேன்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். உண்ணல் கோளாறு என்று வழங்கும் நோய்களுள் மூன்று முதன்மையானவை. உணவைச் சுருக்கிச் சுருக்கி உடலைத் தேய்த்துக்கொள்வது ஒன்று. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1870-களில் இதற்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயரிட்டார். அளவிறந்து உண்டுவிட்டு, உண்டதை எவ்வழியாலேனும் வெளியேற்றத் துடிப்பது மற்றொன்று. புலிமியா நெர்வோசா எனப்படும் இதனை ஜெரால்டு ரஸ்ஸல் என்னும் மருத்துவர் 1979-ல் விவரித்தார். மூன்றாவது, தன்வசம் இழந்து மறைவில் வயிறு நோகுமட்டும் உண்டு, பின் நாணிக் குமைவது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக ஏறியது 2013-ல்தான்.

பெயர்கள் புதியன, துன்பம் பழையது. நம் மணிமேகலையில் காயசண்டிகை வருகிறாள் அல்லவா? முனிவர் ஒருவர் உண்பதற்கு வைத்திருந்த நாவற்கனியைக் காலால் சிதைத்தமையால் சாபம் பெற்று, யானைத்தீ என்னும் நோயால் பன்னிரண்டு ஆண்டு அலைந்தாள். எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி அது. அவளைச் சாத்தனார் தீனிப்பண்டாரம் என்று எள்ளவில்லை. அவள் வயிற்றில் எரிவதைத் தீ என்றார், நோய் என்றார். மணிமேகலை இட்ட உணவால் அது தீர்ந்தது என்றார். நமக்குக் கிடைத்த அக்காப்பியத்தை நூறு மேடைகளில் எடுத்துப் பேசிய நானே, கண்ணெதிரில் ஒரு காயசண்டிகை நின்றபோது அடையாளம் காணவில்லை. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இது செல்வர் வீட்டு நோய், மேனாட்டார் நோய், மெல்லிடைக்கு ஆசைப்படும் கல்லூரிப் பெண்களின் நோய் என்பாருமுளர். 1995-ல் டெல்லி மருத்துவர் சிலர் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர். அவர்கள் உண்ண மறுத்தனர், மெலிந்தனர். ஆயினும் மெலிந்த உடலையே பருமனாகக் காணும் மயக்கம், மேனாட்டு நோயாளரிடம் காணப்படுவதுபோல், அவர்களிடம் காணப்படவில்லை. எனவே இந்நோய் எங்கும் ஒரே ஆடை உடுத்தி வருவதன்று. நம் வீடுகளில் அது "வயிறு ஏற்கவில்லை", "பசியில்லை", "விரதம்" என்னும் சொற்களுக்குள் ஒளிந்துகொள்கிறது. இந்த மூன்றில் கடைசிச் சொல்லுக்கு என்னைப் போன்ற பிரசாரகர்களே காவல் நிற்கிறோம்.

நான் பதினாறு வயதில் நூற்பாலைக்குச் சென்றவன். எழுத்தறிவு பெற்றதும் அங்கேதான். இரவு ஷிப்டு முடிந்து பழைய செய்தித்தாளை எழுத்துக் கூட்டிப் படித்து வந்தது. ஆலை வாழ்வில் பசியை நன்கு அறிவோம். தூக்குப்போசியில் கஞ்சி குறைந்தால் கை நடுங்கும், நூல் அறும், மேஸ்திரியின் வசவு விழும். சோறில்லாத பசியைத் தவிர வேறொரு பசி உண்டென்று எங்களுக்குத் தெரியாது. எங்களோடு வேலை செய்த ஒருவர் மூன்று பேர் உண்ணும் உணவை ஒரே மூச்சில் உண்பார். சிறிது நேரம் கழித்துக் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கிக் கண்கள் சிவந்து திரும்புவார். பேய்வயிறன் என்று அவருக்குப் பெயர் வைத்தோம். அப்பெயரை வைத்தவர்களுள் நானும் ஒருவன். ஒருநாள் இயந்திரத்தருகே மயங்கி விழுந்தார்; அதன்பின் வேலைக்கு வரவில்லை. அவர் ஆண்மகன், ஏழை, கண்ணாடி பார்க்க நேரமில்லாதவர். இந்நோய் பெண்களுக்கே உரியது என்பார்க்கு அவரையே விடையாகச் சொல்வேன்.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன். தெற்கே ஒரு தீவில் வாழும் சகோதரி ஒருவர், நாற்பதை நெருங்கியவர், பிள்ளைகளுக்குத் தாய். அவருடைய இசைவு பெற்றே எழுதுகிறேன். ஊரையும் பெயரையும் விடுத்தேன்.

அவர் பௌர்ணமிதோறும் எண்சீலம் ஏற்று, நண்பகலுக்குப் பின் உண்ணாதிருந்தார். பௌர்ணமிக்கு மட்டும் என்றிருந்தது அமாவாசைக்கும் ஆயிற்று, பின்னர் வாரந்தோறும், பின்னர் நாள்தோறும். அப்பால் நண்பகலுக்கு முன் உண்பதும் சுருங்கியது. கன்னத்தெலும்பு துருத்தி நின்றது. நானோ அதைத் தவத்தின் ஒளி என்று கண்டேன். ஒரு கூட்டத்தில் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, "இந்தத் தங்கையைப்போல் நாவை அடக்க உங்களில் எத்தனை பேரால் முடியும்?" என்று கேட்டேன். கூட்டம் கைதட்டியது. அன்றிரவு என்ன நிகழ்ந்தது என்பதை ஓராண்டு கழித்து அவர் வாயால் கேட்டேன். கைதட்டல் காதில் ஒலிக்க, எல்லோரும் உறங்கியபின், பானையிலிருந்த சோறு முழுவதையும் நின்றபடியே உண்டு, பின் உண்டதை வெளியேற்றி, விடியுமட்டும் சுவரோரம் உட்கார்ந்திருந்தாராம். அது முதல் முறையுமன்று. பதினேழு வயதிலிருந்தே அந்நோய் விட்டும் தொட்டும் வந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு நல்ல பெயரும் ஒரு மேடையும் கொடுத்தவன் நான்.

உறுதியற்ற மனத்தார்க்கே இது வரும் என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944, 45 ஆண்டுகளில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார் ஓர் ஆய்வு நடத்தினார். போரில் கொல்ல மாட்டோம் என்று மறுத்த 36 இளைஞர்கள் அதற்குத் தாமே முன்வந்தனர். உடலும் உள்ளமும் திடமானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரங்கள் வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியே தரப்பட்டது. அவர்கள் எண்ணமெல்லாம் உணவாயிற்று. சமையல் நூல்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள். எரிச்சலும் சோர்வும் தனிமையும் பற்றின. மீண்டும் உணவு தாராளமாகக் கிடைத்தபோது சிலரால் உண்பதை நிறுத்த இயலவில்லை. கொள்கைக்காகச் சமூகத்தையே எதிர்த்து நின்றவர்களை மனவலிமை அற்றவர்கள் என்று யார் சொல்ல முடியும்? பட்டினி தானே மனத்தைப் பிடித்துக்கொள்கிறது. உண்ணாமையால் எழும் வெறியை உண்ணாமையாலேயே அடக்கிவிடலாம் என்று அச்சகோதரி நம்பினார். நானும் அதனையே போதித்தேன்.

அவ்வாறாயின் உண்ணாமை முழுவதும் நோயா என்று கேட்கலாம். ஸ்ரீ விஜயபுரத்தில் வாழும் நமக்கு (2024 வரை போர்ட் பிளேர்) இதற்கு விடை தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. இங்குள்ள செல்லுலார் சிறையில் 1933-ஆம் ஆண்டு மே மாதம் அரசியல் கைதிகள் உண்ணாநோன்பு இருந்தனர். குழாய் வழியே வலிந்து பால் புகட்டியபோது மகாவீர் சிங் மாண்டார். மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா என்னும் இருவரும் அம்மாதமே உயிர் நீத்தனர். அவர்களுடைய உண்ணாமைக்கு ஒரு கோரிக்கை இருந்தது. கோரிக்கை நிறைவேறினால் உண்ணலாம் என்னும் எல்லையும் இருந்தது. நோயாளியின் உண்ணாமைக்கு எல்லை இல்லை. எவ்வளவு மெலிந்தாலும் போதும் என்று அந்நோய் சொல்லாது. நோன்பு ஒருவர் கையிலிருப்பது. நோயின் கையிலோ அவர் இருக்கிறார். வெளித்தோற்றம் ஒன்றாயிருப்பதால் நான் ஏமாந்தேன்.

அச்சிறை மற்றொன்றையும் கற்பிக்கிறது. வாயைத் திறந்து ஊட்டிவிடுவது உயிர் கொடுத்தலாகாது. குழந்தையாயின் பெற்றோர் மடியில் இருத்தி ஊட்டலாம். வயதுவந்த ஒருத்தியை என் செய்வது? இவ்வினாதான் இந்நோயில் மிகக் கடினமானது. "என் உடல், என் வாய், என் விருப்பம்" என்று அவர் சொன்னால் அதனை மறுக்க யாருக்கு உரிமை? நம் நாட்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் (2017), முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்தவர்க்கு அவர் இசைவின்றிச் சிகிச்சை அளிக்கலாகாது என்பதையே பொதுவிதியாகக் கொண்டுள்ளது. திறன் இழந்து உயிர்க்கு இடர் நேர்ந்தால் விலக்கு உண்டு. வலிந்து ஊட்டவும் கூடாது. சாகட்டும் என்று விடவும் கூடாது. நடுவே என்ன வழி?

அச்சகோதரியின் கணவர் இவ்வினாக்களில் எதையும் ஆராய்ந்தவரல்லர். மனைவி மயங்கி விழுந்த இரவில், சுவரொட்டியில் கண்டிருந்த 14416 என்னும் எண்ணை அழைத்தார். டெலி-மானஸ் என்னும் அந்த அரசாங்க மனநல உதவிச் சேவை 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. பகலிரவு எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்; தமிழிலும் பேசலாம். எதிர்முனையில் பேசியவர் உபதேசம் எதுவும் செய்யாமல், "இப்போது நினைவு இருக்கிறதா? நெஞ்சு படபடக்கிறதா?" என்று கேட்டு, முதலில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொன்னார். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. அடிக்கடி வாந்தி எடுப்போர்க்கு இது நேரும். நெஞ்சின் துடிப்பே தடுமாறி உயிர் போகவும் கூடும். சில நாள் படுக்கையில் இருந்து அது சரியானபின்பே திரைவழிச் சிகிச்சை தொடங்கிற்று. வாரம் ஒருமுறை, பெருநிலத்திலிருந்து ஓர் உளமருத்துவர் ஐம்பது நிமிடம் பேசுவார். உடலெடையும் இரத்தமும் தீவிலுள்ள சுகாதார நிலையத்தில் பார்க்கப்படும்.

பத்தாண்டுகளுக்கு முன் இது கனவிலும் நடந்திராது. அக்காலத்தில் செயற்கைக்கோள் வழியே வந்த இணையத்தில் ஒரு படம் இறங்குவதற்குள் சோறு வெந்துவிடும். சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இழைக்கம்பி இட்டு, 2020 ஆகஸ்டு 10-ல் திறந்தார்கள். அது லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை செல்கிறது. பருவக்காற்றின்போது கப்பல் புறப்படாமல் நிற்கும் நாட்களிலும் ஒரு மனிதக் குரல் கடலைக் கடந்து வருகிறது என்றால், அதனைச் சிறிய காரியமாக நான் நினைக்கவில்லை.

அந்த ஐம்பது நிமிடத்தில் என்னதான் நடக்கிறது? நான் கேட்டறிந்தவரை அது மிக எளியது. எளிமையே அதன் கடினம். எப்போது, எதை, எவ்வளவு உண்டார், உண்ணுமுன் மனத்தில் என்ன இருந்தது என்பதை உடனுக்குடன் ஒரு குறிப்பேட்டில் எழுதவேண்டும். நாளுக்கு மூன்று வேளை உணவும் இடையே இரண்டு மூன்று சிற்றுண்டியும் நேரம் தவறாமல் உண்ணவேண்டும். பசித்தாலும் பசிக்காவிட்டாலும், முன்னிரவு கட்டுமீறி உண்டிருந்தாலும், நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடலாகாது. பட்டினியை நிறுத்தினால் வெறியுணவு தானே தளரும் என்பதே அடிப்படை. எடையை வாரம் ஒருமுறைக்கு மேல் பார்க்கலாகாது. பின்னரே எண்ணங்களைத் தொடுகிறார்கள்: "நான் உண்டால் தாழ்ந்தவள் ஆவேன்" என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது, அதற்குச் சான்று என்ன என்று.

முதியவர் கேட்டது போலத் திரைக்குக் குறைகளும் உண்டு. பேசும்போது திரையோரத்தில் தன் முகமே தெரிந்தது சகோதரிக்கு வேதனையாயிற்று. அதை மறைத்துவைக்கும் வழியை மருத்துவர் கற்பித்தார். இருமுறை அவர் முகம் காட்ட மறுத்தார். குரல் மட்டும் போதும் என்று மருத்துவர் ஏற்றுக்கொண்டார். மிக மெலிந்தவர்க்கும், நெஞ்சு தடுமாறுவோர்க்கும், உயிர்விட எண்ணுவோர்க்கும் திரை போதாது; கட்டில் வேண்டும், தாதி வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்தவர்க்குத் திடீரென நிறைய ஊட்டினாலும் இரத்தத்தின் உப்புக்கள் நிலைகுலைந்து உயிர்க்கு ஆபத்தாகும். அன்பினால் தட்டை நிரப்பும் உறவினர் இதனை அறியவேண்டும். அதே கைப்பேசியில்தான் மெலிவைப் போற்றும் படங்களும் ஓயாது வருகின்றன. நஞ்சும் மருந்தும் ஒரே வாசலில்.

ஆயினும் ஒன்றைக் கண்டேன். சிறு தீவில் யார் எந்த மருத்துவர் வாசலில் நின்றார் என்பது மாலைக்குள் மீன் அங்காடி முழுதும் பரவிவிடும். நாணமே உயிராய் வாழும் இந்நோய்க்கு, கதவை அடைத்துப் பேசும் அறை ஒரு புகலிடம். மேலும், விரலால் தொட்டால் அணைந்துபோகும் மருத்துவரை அவர் வாரந்தோறும் அணைக்காமல் வைத்திருக்கிறார். யாரும் வாயைத் திறக்கவில்லை. தானே வந்து அமர்கிறார். நடுவே என்ன வழி என்று மேலே கேட்டேனே, அதற்கு நான் கண்ட விடை இதுதான். அவர் விருப்பத்தை அடக்குவதுமில்லை, நோய்க்கு விட்டுக்கொடுப்பதுமில்லை. நோயின் பிடியிலிருந்து அவ்விருப்பத்தைச் சிறிது சிறிதாக மீட்கிறார்கள்.

பெரியவரே, பேச்சு மருந்தாகுமா என்றீர்கள். கோசல மன்னன் பசேநதியின் கதை தாங்கள் அறியாததன்று. மரக்கால் சோற்றை உண்டு மூச்சிரைக்கப் பகவன் முன் வந்து அமர்ந்தான். பகவன் அளவறிந்து உண்பதைப் பற்றி ஒரு பாட்டுச் சொன்னார். அத்துடன் நின்றிருந்தால் அரசன் வணங்கிவிட்டு அடுத்த பந்திக்குப் போயிருப்பான். சுதஸ்ஸன் என்னும் இளைஞன் அப்பாட்டைக் கற்று, அரசன் உண்ணும்போதெல்லாம் அருகில் நின்று சொல்லிவந்தான். அரசன் படிப்படியாக நாழிச் சோற்றளவுக்கு இறங்கி உடல்நலம் பெற்றான். பகவன் அரண்மனைப் பந்தியில் இல்லை. சொல் தொலைவிலிருந்து வந்தது. அதைத் தட்டருகே கொண்டுசேர்த்தவன் ஒருவன் இருந்தான். (இக்கதையை உண்ணல் கோளாறு உடையவரிடம் சொல்லற்க. உணவைக் குறைக்கும் கதை அவர்க்கு மருந்தன்று. நமக்காகவே சொல்கிறேன்.)

மருத்துவர் பேசுவது வாரத்தில் ஐம்பது நிமிடம். எஞ்சிய நேரமெல்லாம் சகோதரி நம் நடுவில் இருக்கிறார். அவருடைய பந்தியில் சுதஸ்ஸனாக யார் இருந்தோம்? அவர் மாலையில் சிற்றுண்டி உண்ணத் தொடங்கியதும், "சீலம் கெட்டது" என்று நம் கூட்டத்துப் பெண்களும் ஆண்களும் கிசுகிசுத்தார்கள். "முகம் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறதே" என்று ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அச்சொல்லுக்குப் பின் இரண்டு நாள் அவர் உண்ணவில்லை. சித்தார்த்தர் எலும்பும் தோலுமாய்க் கிடந்து, அது வழியன்று என்று தெளிந்து, சுஜாதை அளித்த பாலன்னத்தை உண்டபோது, உடனிருந்த ஐவர் என் செய்தனர்? தவம் கெட்டான் என்று முகஞ்சுளித்து விலகிப் போனார்கள். நாம் ஆண்டுதோறும் வைசாகத்தில் அப்பாலன்னத்தைப் பகிர்ந்து உண்கிறோம். ஆனால் நம் ஊரில் ஒருத்தி தட்டின்முன் அமர்ந்தபோது, சுஜாதையாய் இல்லாமல் அந்த ஐவராய் இருந்தோம்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, முன்பு நான் புகழ்ந்தது பிழை என்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை. கூட்டத்தாருக்கு அது பிடிக்கவில்லை. பிரசாரகர் சீலத்தைத் தளர்த்துகிறார் என்று ஒரு கடிதமும் வந்தது. தளர்த்தவில்லை. நோயுற்றார்க்கு அவ்விரதம் இல்லை என்கிறேன். அதை அவர்கள் தாமாகக் கேட்கும்வரை காத்திராமல் நாமே முன்வந்து சொல்லவேண்டும் என்கிறேன்.

கார்த்திகைப் பௌர்ணமியன்று அத்தீவுக்குக் கப்பலில் சென்றேன். மாலை நான்கு மணிக்கு அவர் வீட்டில் இருந்தேன். சகோதரி குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தட்டில் பிஸ்கோத்தும் வாழைப்பழமுமாக அமர்ந்திருந்தார். கை தட்டுக்குப் போகவில்லை. நான் எண்சீலம் ஏற்றிருந்தேனாதலால் வெறும் தேநீர்க் குவளையோடு எதிரே இருந்தேன். இளைய பிள்ளை என்னையும் தாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாமா, நீங்க மட்டும் ஏன் சாப்பிடலை? அம்மா சாப்பிட்டாத் தப்பா?" என்று கேட்டான்.

யாரும் பேசவில்லை. நான் தட்டை என் பக்கம் இழுத்து உண்டேன். சிறிது நேரம் கழித்து அவரும் உண்டார். முழுவதுமன்று, பழத்தைத் தொடவில்லை. குறிப்பேட்டில் நேரம் எழுதினார்: நான்கு இருபத்தைந்து.

திரும்பி வந்தபின், அன்று நான் செய்தது சீலபங்கமா என்று சங்கத்துப் பெரியோர் ஒருவரிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, எத்தனை பிஸ்கோத்து என்றார்.

இரண்டு என்றேன்.